கட்டம் கட்டமாக

சிம்மக்கல்லில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே
எங்கள் உள்ளூர்ச் சேனல்.
அங்கே என் வேலை முகம் அழிப்பது.

எட்டு மணிச் செய்திக்கு
ஏழே காலுக்குக் காட்சி வரும்.
மேலூர் ரோட்டில் கவிழ்ந்த ஷேர் ஆட்டோ,
தெப்பக்குளத்தில் மிதந்தவர்,
போலீஸ் ஜீப்புக்குள் குனியும் பதினாறு வயது.
முகத்தைச் சுற்றி வட்டம் போடுவேன்.
உள்ளே கண், மூக்கு, வாய்
பர்பித் தட்டில் கத்தி போட்ட மாதிரி
கட்டம் கட்டமாகும்.
தலை திரும்பினால் வட்டமும் திரும்ப வேண்டும்.
நொடிக்கு இருபத்தைந்து படம்.
ஒன்றில் தவறினாலும்
யாராவது நிறுத்திப் பார்ப்பார்கள்.
நிறுத்திப் பார்ப்பதற்கென்றே இருக்கிறார்கள்.

ரத்தம் என்றால் கறுப்பு வெள்ளை.
வசவு என்றால் ஒரு பீப்.
"அழுகைய மட்டும் தொட்றாத"
என்பார் செய்தி ஆசிரியர் காசிமாயன்.
"அதுக்குத்தாம்மா ஆளு உக்காந்து பாக்குது."

செல்லூர்ச் சிறுமியின் செய்தி
ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.
முகத்தை அழித்தேன்.
சட்டையில் இருந்த பள்ளிச் சின்னத்தை அழித்தேன்.
மடியில் கிடந்த கைகளைக்கூட,
யாரும் சொல்லாமலே.
ஒரு பிசிறு இல்லை.
காசிமாயன் டீ வாங்கித் தந்தார்.

மறுவாரம் அவள் அம்மா படியேறி வந்தாள்.
வேலைக்குப் போகிற வழி, கையில் தூக்குச்சட்டி.
சத்தம் போடவில்லை.
"மொகத்த மறைச்சீக, சரி.
கதவ மறைக்கலயே தாயி.
பச்சக் கதவு எங்க தெருவுல
ஒண்ணே ஒண்ணுதான.
பைக்குல வர்ற பயலுக நின்னு
கதவோட செல்ஃபி எடுக்குறானுக."

கதவுக்கு விதி இல்லையம்மா என்று
சொல்ல வாயெடுத்தேன்.
தண்ணீர் குடிக்கிறீங்களா என்று கேட்டேன்.

அவள் புகார் கலெக்டர் ஆபீஸ் போய்,
கண்காணிப்புக் குழு முன்னால் கிடந்து,
மூன்று மாதம் கழித்துத் திரும்பியது:
'அடையாளம் விதிப்படி மறைக்கப்பட்டுள்ளது.
மனு முடித்து வைக்கப்படுகிறது.'
கீழே வட்ட முத்திரை,
ஏறக்குறைய நான் போடும் அளவில்.

அவர்கள் கதவுக்கு நீலம் அடித்தார்கள்.
ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது
சிலிண்டர் போட வந்தவன் வழி கேட்டுக்கொண்டிருந்தான்.
பெட்டிக்கடைக்காரர் கையை நீட்டினார்:
"நேராப் போ. முன்ன பச்சக் கதவு இருந்துச்சுல்ல,
அதுக்கு அடுத்த வீடு."

இப்போதெல்லாம்
கதவு, கோலம், கொடியில் காயும் துணி,
தெருமுனைக் கோயிலின் சூலம்
எல்லாவற்றையும் அழிக்கிறேன்.
"என்னம்மா இது, அடுப்படிப் புகை மாதிரி"
என்கிறார் காசிமாயன்.
விதி இவ்வளவு கேட்கவில்லை. தெரியும்.
அந்தப் புகைக்குள்ளிருந்து
அழுகை மட்டும் தெளிவாக வருகிறது.

உங்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன்.
அது செல்லூர் இல்லை.
செவ்வாய்க்கிழமையும் இல்லை.
கதவு பச்சை இல்லை.
தேட வேண்டாம்.

காசிமாயன் பெயரை மட்டும்
மாற்றாமல் விட்டிருக்கிறேன்.