பதினோராம் பக்கம்

ஐப்பசி இரண்டாம் ஞாயிறு.
பொள்ளாச்சியில் ஐந்தே முக்கால் வண்டி.
கோபாலபுரம் தாண்டியதும்
கடைப்பலகை எழுத்தெல்லாம் உருண்டுகொள்கிறது.
பனைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

துளசிமணிக்கு ஜன்னல் சீட்.
'தர்மத்துக்குப் போறியா, டூருக்குப் போறியா'
என்று வீட்டுக்காரர் கேட்டாராம்.
'ரெண்டுக்குந்தான், டிக்கெட் ஒண்ணுதானுங்களே.'
என்னைக் கேட்க ஆளிருந்தால்
நானும் அதையே சொல்வேன்.

கொழிஞ்சாம்பாறை, சர்ச் மண்டபத்துச் சமையல்கட்டு.
தீயில் வாட்டிய இலை கையில் துணியாய்த் துவள்கிறது.
மட்டை அரிசிச் சோறு ஒரு கரண்டி.
'அமுக்காதே, மூச்சு விடட்டும்' என்பாள் ரம்லத்.
ஓரத்தில் பயறு. தேங்காய்ச் சம்மந்தி
சோற்றில் சிவப்பாய்க் கசியும்.
ஆம்லெட் ஆளுக்குப் பாதி.
மோர்க்குழம்புப் பைக்கு முடிச்சுப் போடுவது நான்.
வாரமெல்லாம் மில்லில்
தேங்காய்நார்க் கட்டை எண்ணுகிற பழக்கம்,
இங்கேயும் விடவில்லை:
முந்நூற்றுப் பன்னிரண்டு முடிச்சு.

முதல் முறை வந்தபோது
என்னைப் பேப்பர் சுற்ற விட்டார்கள்.
கட்டம் கட்டமாய் முகங்கள் இருந்த பக்கம்.
இங்கே ஏதோ தேர்தல் போல என்று
நாற்பது பொதி சுற்றிவிட்டேன்.
மீசை வைத்த வேட்பாளர்கள்,
மூக்குத்தி போட்ட வேட்பாளர்கள்,
ஒரு பள்ளிக்கூடப் பையன்கூட.

ரம்லத் ஒன்றும் பேசவில்லை.
நாற்பதையும் பிரித்தாள்.
நாற்பதையும் விளையாட்டுச் செய்தியில் சுற்றினாள்.
பிறகு மெதுவாக,
'ஆஸ்பத்திரிக்குப் போற சோறாக்கும்.
படுத்துக் கிடக்கிறவன் பிரிச்சதும்
இதையா பாக்கணும்?
பதினோராம் பக்கம் மட்டும் எடுத்து வச்சிரு.'

அதிலிருந்து எடுத்து வைக்கிறேன்.
பதினொன்று என்றால் எப்போதும் பதினொன்றில்லை.
சில நாள் ஒன்பது. மழை பிடித்த வாரம் இரண்டு பக்கம்.

பதினொரு மணிக்கு வேன் பாலக்காட்டுக்குக் கிளம்பும்.
அதன் பிறகு நாங்கள் யாருக்கும் நல்லவர்கள் இல்லை.
கைகழுவிவிட்டு,
மிஞ்சிய சம்மந்தியும் பழம்பொரியும் கட்டிக்கொண்டு
சித்தூர்ப்புழைக்கு ஆட்டோ.

வெயில் காய்ச்சல் விட்ட உடம்பு மாதிரி இருக்கிறது.
அறுத்த வயலில் மறுபடி தண்ணீர் கட்டியிருக்கிறார்கள்.
அதன்மேல் தட்டான்கள்,
எங்கிருந்தோ கடல் தாண்டி வந்தவையாம், சொன்னது ஆட்டோக்காரர்.
புழைக்கு இன்னொரு பெயர் சோகநாசினி.
பேருக்கேற்ற வேலை பார்க்கிறதா, தெரியாது.
முழங்காலளவு, நல்ல குளிர்ச்சி, அவ்வளவுதான்.

கரையெல்லாம் ஈரம்.
உட்கார விரிக்க எங்களிடம் இருந்தது
எடுத்து வைத்த பக்கங்கள்தான்.
ரம்லத் யோசித்துப் பார்த்துவிட்டு விரித்தாள்.
நான் கொஞ்சம் நகர்ந்தேன்,
ஒரு கிழவியின் கண்ணாடிமேல் படாதபடி.
நகர்ந்த இடத்தில் இன்னொருவர்.
எல்லோரும் நெருக்கமாய் இருந்தார்கள்,
கூட்ட வண்டியில் போல.
அவர்கள் நடுவில் அமர்ந்து பழம்பொரி தின்றோம்.
துளசிமணி சிரித்துப் புரையேறியது.
எதற்கென்று இப்போது நினைவில்லை.

நாலு மணிக்குத் துலாமாத இடி.
ஒரே ஓட்டம் பஸ் ஸ்டாண்டுக்கு.

வண்டியில் அவள் முன்னே ஏறும்போதுதான் பார்த்தேன்.
நனைந்த சேலைப் பின்புறத்தில்
அச்சு மை ஒட்டியிருந்தது.
முகம் விழவில்லை, பெயர் விழவில்லை,
விழுந்திருந்தாலும் என்னால் வாசிக்க முடியாது.
வயது மட்டும், கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி:
74.

சொல்லவில்லை.
அவள் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்து
செக்போஸ்ட் வருவதற்குள் தூங்கிப்போனாள்.
நடத்துநர் வந்தார்.
விரலைக் காட்டி
இரண்டு பொள்ளாச்சி என்றேன்.