பிடித்ததா?

மேலிடத்திலிருந்து வந்த கையேட்டில்
'கோடை வாசிப்புத் திட்டம்' என்றிருந்தது.
செந்தூலில் ஏது கோடை?
பன்னிரண்டு மாதமும் வெயில்,
நாலு மணிக்கு மழை.
கோடையை அடித்துவிட்டுப் 'பள்ளி விடுமுறை' என்று எழுதினேன்.
அடுத்த வாரம் பள்ளியே இல்லை என்றானது.
விடுமுறையையும் அடித்தேன்.

மிச்சமிருந்தது வாசிப்பு.
அதோடு நானும் நூர்ஹாயாத்தியும்
பூட்டிய கதவும்.

திரும்பி வரும் புத்தகத்துக்கு மூன்று நாள் தனிமை.
திங்கள் பெட்டி, செவ்வாய் பெட்டி, புதன் பெட்டி.
ஒருநாள் நூர்ஹாயாத்தி
காய்ச்சல் பார்க்கும் கருவியை
தடித்த அகராதியின் நெற்றியில் வைத்தாள்.
முப்பத்தொன்று புள்ளி இரண்டு.
முகக்கவரிக்குள் சிரித்ததில்
இருவர் கண்ணாடியும் மங்கியது.

சனிக்கிழமை கதை நேரம், கைப்பேசித் திரையில்.
பதிந்தவர்கள் முப்பது, வந்தவை ஒன்பது சதுரங்கள்.
ஒன்றில் மின்விசிறி மட்டும் சுற்றியது.
இன்னொன்றில் யாரோ வெங்காயம் நறுக்கினார்கள்;
ஆமை நடு ஆற்றுக்கு வந்தபோது
நறுக்கும் சத்தம் நின்றது.
'டேட்டா முடிஞ்சிருச்சி டீச்சர்'
என்று எழுதிவிட்டு யஸ்வின்ராவ் மறைந்தான்.
நான் டீச்சர் இல்லை. மூன்று முறை சொல்லியாயிற்று.
அன்றிரவு அழைத்து மீதி ஆமையைச் சொன்னேன்.
ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான் போல,
கரை சேர்ந்ததும்
நாலைந்து பேர் மூச்சு விட்டார்கள்.

ஜூலையில் எதிர் பிளாட்டைச் சுற்றி முள்கம்பி.
எங்கள் ஜன்னலிலிருந்து நாற்பதடி.
காய்கறி லோரி போகலாம்,
புத்தகம் போகக்கூடாது,
அத்தியாவசியப் பட்டியலில் இல்லையாம்.
ரேலா அபாங் வருத்தத்தோடுதான் சொன்னார்.
பட்டியலை வாங்கி இரண்டு முறை வாசித்தேன்.
டயப்பர் இருந்தது. ஐஸ்கட்டிகூட இருந்தது.

வாசிப்பு அட்டைகளை மட்டும்
அரிசி மூட்டைகளோடு விடச் சம்மதித்தார்.
தலைப்பு, ஆசிரியர், பக்கம், பிடித்ததா.
எதை வாசித்து எதை நிரப்புவார்கள் என்று
அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

கம்பி அவிழ்ந்தபின் வந்த அட்டைகள்
பெரும்பாலும் வெள்ளை.
ஒன்பதாம் மாடி லீஷாந்தினி, வயது பத்து,
இப்படி எழுதியிருந்தாள்:

அரிசி மூட்டை. ஒரு பக்கம்.
பின்னால் தாய்லாந்து எழுத்து, தெரியவில்லை.
லிஃப்ட் அறிவிப்பு. பிழை இரண்டு, திருத்திவிட்டேன்.
தண்ணீர் பில். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.
பிடிக்கவில்லை.
மாத்திரைத் தாள். குட்டி எழுத்து, மூன்று மொழி.
ரொம்பப் பிடித்தது.
அப்பாவின் கைப்பட்டை, இளஞ்சிவப்பு.
பக்கம் என்ற இடத்தில்:
'சுத்திச் சுத்தி வருது'.
பிடித்ததா என்ற இடத்தில்
எழுதி அழித்து எழுதி அழித்து
அட்டை நைந்து
வெளிச்சம் தெரிந்தது.

தலைமையகக் கணினிக்கு நூல் எண் வேண்டும்,
பதின்மூன்று இலக்கம்.
நூர்ஹாயாத்தி தண்ணீர் பில்லைப் பதியும்போது
வாய்க்கு வந்த பதின்மூன்றைத் தட்டினாள்.
ஏற்றுக்கொண்டது.
அரிசிக்கும் அப்படியே, மாத்திரைக்கும்.
லிஃப்டுக்கு என் பழைய கைப்பேசி எண்ணை
நீட்டிப் போட்டோம்.
கைப்பட்டைக்கு வந்தபோது
அவள் விரலை எடுத்துவிட்டாள்.
நானும் தொடவில்லை.
அறிக்கையில் ஒன்று குறைவு.

கதவு திறந்த வாரம் அவளே வந்தாள்.
நாலுதான் எடுக்கலாம்.
ஏழு எடுத்தாள், நான் எண்ணவில்லை.
அப்பா எப்படி என்று கேட்க வாயெடுத்தேன்,
அதற்குள் பெட்டிகளைப் பார்த்துவிட்டாள்.

"இதெல்லாம் ஏன் தனியா?"

"மூணு நாள் இருக்கணும்."

"அப்பாவுக்குப் பதினாலுன்னு சொன்னாங்க."

ஏழையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு,
போகிற வழியில்
புதன் பெட்டியை
விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினாள்.
கொஞ்ச நேரம் நின்றாள்.