நான்கு பெட்டிகள்

நிகழ்ச்சி முடியுமுன்பே
தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது.
கார்டிஃபில் மழை. மூன்றாவது மாடி.
இரவுப் பணிக்கு நான் ஒருத்திதான்.
ஆடை படர்ந்த தேநீர், ஒரு கட்டுப் படிவம்.
புகார் எதுவானாலும் நான்கு பெட்டிகளில் அடங்கியாக வேண்டும்:
ஆபாசம். கெட்ட வார்த்தை. கொடுமை. மற்றவை.

காட்டியது இவ்வளவுதான்.
ட்ரெகேரனுக்கு மேலே ஒரு மேட்டுப் பண்ணை.
வாலடியில் சாணம் காய்ந்த ஒரு பெட்டைச் செம்மறி.
பச்சை ஈ மொய்த்து மூன்று நாள் இருக்கும்.
முன்பு வானிலை வாசித்துக்கொண்டிருந்த டாம்சின்
கத்தரியால் கம்பளியை ஒதுக்குகிறாள்.
அடியில் தோல்
அடுப்பில் தளதளக்கும் கஞ்சி மாதிரி அசைகிறது.
வழித்துப் போடு, என்கிறது கேமராவுக்கு வெளியே ஒரு குரல்.
வழித்துப் போடுகிறாள். இரண்டு கை.
பிறகு கம்பிக்கதவுக்குப் பின்னால் ஓடிக்
குடலைப் பிரட்டிக்கொண்டு வாந்தி எடுக்கிறாள்.
சட்டைக்கையில் வாயைத் துடைத்தபடி
திரும்பி வந்து மண்டியிடுகிறாள்.
அதற்குமேல் பிஸ்கட் விளம்பரம்.

'சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்' என்றாள் ஸ்வான்சீக்காரி.
என்ன சாப்பாடு என்று நான் கேட்கவில்லை,
அவளே சொன்னாள்:
புதினாச் சட்னியோடு ஆட்டுத்தொடை.
சொன்ன பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.
'ஆபாசம்' என்று போட்டுக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டாள்.

ஒருவன் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினான்,
பின்னணியில் மதுக்கடைச் சத்தம்,
வாந்தியை மட்டும் மறுபடி போடுவீர்களா என்றான்.
இதற்குப் பெட்டி இல்லை.

மிருகவதை என்று ஒன்பது பேர்.
அப்படியே விட்டிருக்க வேண்டுமா என்று
கேட்க எனக்கு அனுமதி கிடையாது.
'கொடுமை', 'கொடுமை', 'கொடுமை' என்று
டிக் போட்டுக்கொண்டே வந்தேன்.

பாரியிலிருந்து ஆயர்வென். ஓய்வுபெற்ற நர்ஸ்.
'தனியாகக் கிடந்த ஒருவரின் காலில் இதையே பார்த்தேன்.
குடியிருப்பில் நாற்பது வீடு.
நாற்றம் என்று சொல்லக்கூட
ஒருத்தரும் போன் எடுக்கவில்லை.'
புகாரா என்றேன்.
'இல்லை கண்ணு, இன்று லைன் திறந்திருக்கிறதே என்று…'

இவோர் என்று ஒருவர், பெயரை மட்டும் சொல்லி ஆரம்பித்தார்:
கத்தரியைப் பிடித்த விதம் தப்பு,
மருந்தை வெளி ஓரத்திலிருந்து உள்ளே கொண்டுவர வேண்டும்,
பாதிக் காயத்தில் காட்சியை வெட்டியவன் மடையன்.
திட்டி முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.
'வந்தாளே, திரும்பி. அதை அவளிடம் சொல்லுங்கள்.'

பத்தே முக்காலுக்கு ஒரு பையன்.
மாக்சென், எட்டு வயது,
தூக்கம் வராமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறானாம்.
'இப்போது பரவாயில்லையா?'
ஒரே கேள்வி.
எனக்குத் தெரியாது.
தெரியாது என்பதை 'மற்றவை'யில் எழுதினேன்,
அவன் எண்ணையும்.

நாற்பத்தொரு அழைப்பு.
காலையில் மேலாளர் கூட்டிப் பார்த்து,
நல்ல எண்ணிக்கை என்றார்.

பண்ணைக்கு நானே எழுதினேன்.
மூன்றாம் நாள் பதில், ஒற்றை வரி:
மேய்கிறது, நேற்று என் முழங்காலில் உதைத்தது.
சாயங்காலம் பையனைக் கூப்பிட்டேன்.
நல்ல செய்தி சொல்லும் வேலை
இந்த மேசைக்கு வாய்ப்பதில்லை,
குரலைக்கூடக் கொஞ்சம் தயார்செய்துகொண்டேன்.

ஆடு பிழைத்துவிட்டது, என்றேன்.
'தெரியுமே' என்றான்,
'அவங்கதான் பக்கத்தில் இருந்தாங்களே.
நான் கேட்டது வாந்தி எடுத்தவங்களை.'

மழை இன்னும் விடவில்லை.
டாம்சினின் எண் எங்கள் கோப்பில் இருக்கிறது.
இவோர் சொன்னதை எழுதிய தாள் கூட
என் இழுப்பறையில்தான் கிடக்கிறது.
நான்கு பெட்டியிலும் டிக் இல்லாமல்.