விடைப்பக்கம் இல்லாத புத்தகம்

பிராஸ் பசா கட்டடத்தின் மூன்றாம் தளத்தில்
இரண்டு வெள்ளிக்கு வாங்கினேன்,
தொடக்கநிலை நான்கு, ஆங்கில இலக்கணப் பயிற்சி.
பையில் போடும்போதே கடைக்காரர் சொல்லிவிட்டார்:
"பின்னாடி விடை இல்ல.
யாரோ அம்மா கிழிச்சி வச்சிக்கிட்டாங்க.
அதான் ரெண்டு வெள்ளி."

அட்டையின் உள்ளே ஒரு பெயர்:
ஹேமாவதி, 4 பணிவு.
இங்கே வகுப்புக்கு அ பிரிவு, ஆ பிரிவு இல்லை.
பணிவு, துணிவு, நேர்மை.

இதழினியை நேர்மையில் போட்டார்கள்,
ஒரு வகுப்பு இறக்கி.
கரூரில் ஐந்தாவதைப் பாதியில் விட்டு வந்தவள்.
நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் பத்தவில்லையாம்.
சொன்ன அன்று அவள் அழவில்லை.
"அப்ப எனக்கு ஒரு வருசம் மிச்சமாப்பா?"

வாசுகிக்கு மருத்துவமனையில் இரவுப்பணி.
ஈசூனில், பன்னிரண்டாம் மாடியில்,
ஒரு அழிப்பானோடு
ஹேமாவதியை அழிக்க உட்கார்ந்தேன்.
அழுத்தி எழுதுகிற பிள்ளை.
பென்சில் போனாலும் பள்ளம் போகவில்லை.
விளக்கைச் சாய்த்தால்
எல்லா விடையும் எழுந்து நிற்கிறது.

சரியையும் அழித்தேன், தப்பையும் அழித்தேன்.
எது எது என்று தெரியாததால்
பாரபட்சம் இல்லை.

ஓரங்களில் மட்டும் தமிழ்.
'ரிலக்டன்ட்' பக்கத்தில், மனசே இல்லாம.
'பார்டன்' பக்கத்தில், மன்னிப்பு, இல்லாட்டி என்னா சொன்னே.
அவளும் வந்தவளா, இங்கேயே பிறந்தவளா,
கையெழுத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.
ஓரங்களை விட்டுவிட்டேன்.

நாற்பத்தாறாம் பக்கத்தோடு ஹேமாவதி நின்றுபோனாள்.
பிறகு கடைசிவரை வெள்ளைத்தாள்.
ஏன் என்று அட்டையில் எழுதியில்லை.

காலையில் சீருடையோடு வந்த வாசுகி
மேசையில் கை வைத்து, "எறும்பா?" என்றாள்.
யாரோ பெற்ற பிள்ளையின் ஒரு வருடப் பாடம்.
உள்ளங்கையில் கூட்டிக் குப்பையில் போட்டுவிட்டுத்
தூங்கப் போனாள்.

அந்த நாற்பத்தாறு:
கோடிட்ட இடத்தில் சின்ஸ் போடு, அல்லது ஃபார் போடு.
தொடங்கிய நாளைச் சொன்னால் சின்ஸ்.
கழிந்த அளவைச் சொன்னால் ஃபார்.
நமக்கு இந்தத் தொல்லை கிடையாது.
ஜனவரியிலிருந்து இருக்கிறோம்.
பத்து மாசமா இருக்கிறோம்.
சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும்,
யாரும் நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை.

மாலையில் இதழினி எழுதினாள்.
பழைய பள்ளத்துக்குள்
அவள் பென்சில் இரண்டு முறை சறுக்கி விழுந்தது.
மூன்றாவது கேள்வியில் நிறுத்தி,
பள்ளத்தின் மேலேயே ஏறி வேறு எழுதினாள்.
"இந்த அக்கா தப்பு."
எப்படிச் சொல்றே?
"வருசத்த நம்பர்ல போட்டா சின்ஸ்ப்பா."

கொஞ்சம் கழித்து, தலை நிமிராமல்,
"நாம எது? சின்ஸா, ஃபாரா?"

இழுப்பறையில் மூன்று அனுமதி அட்டைகள்.
கட்டத்தைக் கைப்பேசிக்குக் காட்டினால்
ஒரு தேதி வரும், இன்னும் வராத தேதி.
அதன் பின்னால் போட வேண்டிய சொல் 'வரை'.
அது இந்தப் பயிற்சியில் கொடுக்கப்படவில்லை.

"ரெண்டும் சரிதான்" என்றேன்.
"ரெண்டும் எழுதினா மார்க் கெடையாது."

பக்கத்தைத் திருப்பினாள்.
நாற்பத்தேழில் பென்சில் இறங்கப் பள்ளம் இல்லை.
நுனியைக் கடித்தபடி
கீழே போகிற பேருந்தின் சத்தம் அடங்கும்வரை
பார்த்துக்கொண்டிருந்தாள்.
அப்புறம் எழுதத் தொடங்கினாள்,
மேசை லேசாக ஆடும் அளவுக்கு
அழுத்தி.