பதிவேட்டில் ஆறு

புதுப்பேட்டை ஆயுதக் கிடங்கு.
மின்விசிறி மண்ணெண்ணெய் வாசத்தையே
சுற்றிச் சுற்றித் தருகிறது.
சுடுதளத்திலிருந்து வந்தவை பதினோரு ரிவால்வர்.
ஆறு அறையிலும் கரி,
சிலிண்டர் முகத்தில்
அடிப்பிடித்த பால்சட்டியின் வளையம்.
பித்தளை பிரஷ், கிழித்த பனியன்,
கடற்காற்று முந்துமுன் ஒரு சொட்டு எண்ணெய்.

பன்னிரண்டாவது நேற்றிரவு வந்தது.
பதிவேட்டில்: பயிற்சி, ஆறு ரவுண்டு.
ஐந்து அறையில்
போன மாதம் நான் பூசிய எண்ணெய்
அப்படியே மினுங்குகிறது.
ஒன்றில்தான் கரி.

"சீக்கிரம்க்கா, ஐயா கேக்குறாரு"
என்கிறான் ஜெபசிங்,
ரிவால்வரைப் பார்க்காமல்.

தேய்க்கிறேன்.
துணி கறுப்பாக வருகிறது,
பிறகு சாம்பலாக,
பிறகு போட்டபடி வெள்ளையாக.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று.

கழிவுத் துணிகளை எரிக்கும் டின்னில்
முதல் துணியை மட்டும்
போடவில்லை.