உள்ளக்கிடக்கை

அப்பா திரும்பி வரமாட்டார் என்பதை
நான்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

பிஸ்கே விரிகுடாவில், கப்பலின் இரண்டாம் தளத்தில்,
காலை உணவுக்கு முன் செத்துப்போனார் லாரன்ஸ் ஐஸ்பிஸ்டர்.
இருந்ததெல்லாம் உயிர்காப்புப் படகுச் சங்கத்துக்கு
என்றது உயில்.
இங்கிலாந்துக்காரர் என்றால் உயில் சொன்னதே முடிவு.
ஸ்காட்லாந்துக்காரர் என்றால்
அசையும் சொத்தில் பாதி பிள்ளைக்கு,
எந்த உயிலாலும் தட்டிப் பறிக்க முடியாது.

செத்தவருக்குச் சொந்த ஊர் எது?

பிறந்தது மாண்டிவிடியோவில். அது கணக்கில் வராது.
அவருடைய அப்பன் திமிங்கிலக் கப்பலில் போனவன்,
ஷெட்லாந்தில் யெல் தீவுக்காரன்,
ஊருக்குப் போயிடுவேன், போயிடுவேன் என்றே
காலத்தை ஓட்டியவன்.
அது போதும்.
தொப்புள்கொடியோடு யெல் தீவும் வந்து ஒட்டிக்கொண்டது.
அப்பா அதை ஒருநாளும் பார்த்ததில்லை.
வரைபடத்தில் காட்டச் சொன்னால்
பக்கத்துத் தீவின்மேல் விரல் வைப்பார்.

ஹல் நகரில் நாற்பத்து நாலு வருஷம்.
கயிறு விற்றார். என்னைப் பெற்றார். அம்மாவைப் புதைத்தார்.
தேர்ந்துகொண்ட ஊர் என்று இதைச் சொல்லும் சட்டம்.
தேர்ந்ததைக் கைவிட்டுக் கிளம்பி
இன்னொன்றைத் தேரும் முன் உயிர் போனால்
பிறப்போடு வந்தது எழுந்து வந்து மேலே விழும்,
அதுவரை எங்கே படுத்துக் கிடந்ததோ.

கைவிட்டாரா?

சங்கத்தின் வக்கீல் நல்ல மனுஷர்.
குளிர் போனதும் அப்பா வந்திருப்பார் என்றார்.
குறிப்பேட்டில் என் மகளின் பிறந்தநாளை
அவர் வட்டமிட்டிருந்ததைக் காட்டினார்.
என் வக்கீல் எழுந்து எல்லாவற்றையும் உடைத்தார்.
ஒருவழிச் சீட்டு.
வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்த சாவி.
நாயைக்கூட மீன்கடைக்காரர் ஒருவருக்குத் தந்துவிட்டார்.
அப்புறம் நான் கூண்டில் ஏறினேன்.
துறைமுகத்தில் கடைசியாக என்ன சொன்னார்?
"கடிதம் எழுதாதே ஒஸ்லா, முகவரி இருக்காது."
சத்தமாக, என்றார் நீதிபதி.
மறுபடி சொன்னேன்.

ஜெயித்தோம்.

தீர்ப்பு முப்பத்தொரு பக்கம்.
பதினேழாவதில் போகிறபோக்கில் ஒரு வரி:
மகள் பிறந்த ஆண்டு முதலாவது
ஹல் நகரிலேயே இருந்துவிடும் உள்ளக்கிடக்கை
இறந்தவருக்கு இருந்ததென்று இம்மன்றம் காண்கிறது.
சான்று, பேரிக்கன்று ஒன்று வாங்கிய ரசீது,
காய்க்கப் பத்து வருஷம் பிடிக்கும் வகை.

அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து வைத்திருக்கிறேன்.

பணம் வந்தது, கூரையை மாற்றினேன்.
மரம் இருந்த இடத்தில் வீட்டுக்காரர் கார் நிறுத்துகிறார்.
யெல் தீவுக்கு இன்னும் போகவில்லை.
போவாயா என்று கேட்டால்,
கேட்பது யார் என்று பார்த்துத்தான்
பதில் சொல்ல வேண்டும்.