நாற்பது கிலோ

நண்டு எவ்வளவு, கேட்டார் பைலட்.
நாற்பது.
நீ?
வேதாளைக் கம்பெனித் தராசடியில்
பதினோரு வருசம் எடை போட்டவனை
அதுவரை யாரும் எடை கேட்டதில்லை.

முதலாளி மகளுக்குப் பனிமலை ஓட்டலில் கல்யாணம்.
பச்சை நண்டு உயிரோடு வந்து சேரணுமாம்.
ஈரச்சாக்கில் கடல்தண்ணி தெளிக்க ஓர் ஆள்:
மதுரையிலிருந்து தனி விமானத்தில், நான்.

எட்டே சீட்டு. வெண்ணெய் நிறத் தோல்.
ஒன்றில் பெட்டியை உட்காரவைத்து பெல்ட் போட்டார்கள்.
எதிரே ஆடிட்டர், மூக்கில் கைக்குட்டை.
மேகம் தாண்டியதும் உள்ளே கறக், கறக்.
நைலான் கயிற்றுக்குள் அதுகளுக்கும்
வயிறு கலங்கியிருக்கும்.

இறங்கினால் மலை முழுக்க ஐஸ்.
உடைக்க ஆளில்லை, அடியில்
ஒரு சூடைமீன்கூட இல்லை.

குளிரில் நண்டெல்லாம் கல்லாய்க் கிடக்க
செத்த சரக்கு என்று கை உதறினான் சமையல்காரன்.
வாளியில் பனியை அள்ளி அடுப்பில் உருக்கி
வெதுவெதுப்பு ஆறவிட்டு
கல்லுப்பு போட்டு நாக்கில் வைத்தேன்.
வேதாளை வரவில்லை.
இன்னும் ஒரு பிடி.
இன்னும் அரைப் பிடி.

ஒரு கண் மட்டும் தண்டோடு எழும்பி
என்னைப் பார்த்தது.
பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

திரும்புகையில் சம்பந்தி வீட்டுப் பெட்டிகள்;
எனக்கு எடை இடிக்கிறதாம்.
நாலு நாள் ரயில், மண்டபத்தில் இறங்கி
நேராகத் தராசில் ஏறி நின்றேன்.

ரெண்டு கிலோ குறையுது என்றேன்.
கூடை கழுவிக்கொண்டே சீனியம்மா சொன்னாள்:
கழிவு போக அம்புட்டுத்தான்.